வீடற்றோருக்கான நன்கொடைச் செயலி: நான்கு வழிகள், ஒரு அம்புக்குறி

"தெருவில் தங்குபவர்களுக்கு உதவ ஒரு ஆப் செய்யலாம் என்று இருக்கிறோம். ஆளுக்கு ஒரு கியூஆர் கொடுத்துவிடலாமா, இல்லை தொண்டு நிறுவனத்துக்கே பணம் போகும்படி வைக்கலாமா?" இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், அல்லது வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய நினைக்கும் நிரலாளர்கள். திரைகளை வரைந்து முடித்துவிட்டுத்தான் வருவார்கள். நிறம், பொத்தான், இதயச் சின்னம் எல்லாம் தயாராக இருக்கும். கொடுப்பவர் ஒரு பெட்டி, பெறுபவர் ஒரு பெட்டி, நடுவில் ஒரு அம்புக்குறி.

வேலை முழுக்க அந்த அம்புக்குறிக்குள்தான் இருக்கிறது. அதை வரைய நான்கு வழிகள் உண்டு. அளவுகோலை முதலில் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக வருகிறேன்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து கேள்விகள் போதும்.

1. கொடுப்பவர் எத்தனை தட்டில் முடிப்பார்?
2. பெறுபவரிடம் என்னென்ன இருந்தாக வேண்டும்? போன், சிம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு?
3. கொடுத்ததில் எவ்வளவு போய்ச் சேரும்?
4. பெறுபவரைப் பற்றி யார் யாருக்கு என்னென்ன தெரியவரும்?
5. போனோ அட்டையோ தொலைந்தால் என்ன ஆகும்?

முதல் கேள்விக்குத்தான் எல்லாரும் உழைக்கிறார்கள். கொடுப்பவர் மூன்று நொடியில் முடித்துவிட்டால் "எளிதான செயலி" என்று பெயர் வாங்கிவிடலாம். ஆனால் இந்தச் செயலிக்கு இரண்டு பயனர்கள். இரண்டாமவருடைய திரையை முதலில் வரையும் குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு இரவுத் தங்குமிடத்தில் மாதிரிச் செயலி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அறுபதை நெருங்கிய ஒருவர் போனை வாங்கி "தொடர்க" பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். கட்டைவிரல் நுனி காய்ந்து வெடித்துக் கட்டைபோல் இருந்தது, திரை அதை விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. விரலின் பக்கவாட்டால் தட்டினார், வேலை செய்தது. அடுத்து ஓடிபி கேட்டது. "அந்த நம்பர் போயி ரெண்டு மாசமாச்சு" என்று சொல்லிப் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் பதிவேட்டில் அது "பதிவு முழுமையடையவில்லை" என்று ஒரே வரியாக விழுந்தது.

இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டி, தொடுபகுதி குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. ஆப்பிள் 44 புள்ளி, ஆண்ட்ராய்டு 48 அலகு என்று இன்னும் தாராளமாகச் சொல்கின்றன. பெறுபவரின் திரையில் அதற்கும் மேலே போங்கள். உடைந்த கண்ணாடி, பழைய போன், வெயில் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் திரை. ஆனால் பொத்தானைப் பெரிதாக்கினால் ஓடிபி வந்துவிடாது. ஐந்தாவது கேள்வியை நான் மற்ற நான்கிற்கும் மேலே வைப்பது அதனால்தான்.

## வழி 1: ஆளுக்கு ஒரு குறி

சாலையில் ஒருவரைப் பார்க்கிறீர்கள், கையில் சில்லறை இல்லை. அவர் அட்டையில் உள்ள குறியைப் படமெடுத்தால் பணம் போய்விடும். கேட்டதும் பிடித்துப்போகும் யோசனை, பலர் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் சமாரிட்டன் என்ற செயலி, வீடற்றவர்கள் உடன் வைத்துக்கொள்ளும் சிறு புளூடூத் கருவியைப் பயன்படுத்தியது. செயலி வைத்திருப்பவர் அருகில் கடந்துபோனால், அந்த நபரைப் பற்றிய குறிப்பு போனில் வரும். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் கிரேட்டர் சேஞ்ச் என்ற அமைப்பு கழுத்தில் மாட்டும் கியூஆர் அட்டையைக் கொடுத்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு விளம்பர நிறுவனம், வங்கி அட்டையை அருகில் காட்டினால் 1 யூரோ எடுத்துக்கொள்ளும் குளிர்கோட்டைக்கூட மாதிரிக்குச் செய்து காட்டியது.

ஆக்ஸ்ஃபோர்டு அட்டைக்குப் பாராட்டும் வந்தது, திட்டும் வந்தது. கடைச் சரக்கைப்போல மனிதர் மேல் பார்கோடா என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குறியைப் படிக்க, நிற்பவர் மார்புக்கு நேரே போனை நீட்ட வேண்டும். லேமினேட் செய்த அட்டையில் மழைத்துளி விழுந்தால் குறி படிக்காது, கிட்டே போக வேண்டும், கோணம் மாற்ற வேண்டும். அந்தப் பத்து நொடி, வாங்குபவர் அசையாமல் நிற்கிறார்.

இன்னொன்றை இந்தக் குழுக்கள் கவனிப்பதில்லை. சியாட்டிலிலும் சரி, ஆக்ஸ்ஃபோர்டிலும் சரி, பணம் நேராக அந்த மனிதரின் கைக்குப் போகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் களப்பணியாளர் மேற்பார்வையில் இருந்த கணக்கில் சேர்ந்தது. சியாட்டிலில் கூட்டுச் சேர்ந்த கடைகளிலோ ஆலோசகர் வழியாகவோதான் செலவழிக்க முடிந்தது. கருவி தொடர்ந்து இயங்க மாதம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. முகம் வழி 1, உடம்பு வழி 3 (களப்பணியாளர் வழியாகப் பணம் செலவாகும் முறை, பின்னால் வருகிறது). "அவர்கள் செய்தார்களே, நாங்களும் கியூஆர் ஒட்டுகிறோம்" என்று கிளம்புபவர்கள் அந்த உடம்பை விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துப்போகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் பல. ஒருவரின் குறிமேல் இன்னொருவர் தன் குறியை ஒட்டிவிடலாம். அட்டையை வலியவர் பிடுங்கி வைத்துக்கொள்ளலாம். வாலட் திறக்க அடையாளச் சான்று கேட்பார்கள், தெருவில் முதலில் தொலைவது அதுதான். அரசு உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் கணக்கில் விழும் பணம் வருமானமாகப் பார்க்கப்படலாமா என்று அந்தந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிந்தவரிடம் முன்பே கேட்டாக வேண்டும். "அருகில் இருப்பவர்" என்று காட்டும் புளூடூத் முறையில் இன்னும் கொடிய சிக்கல் உண்டு. அடித்து உதைக்கும் கணவனிடமிருந்து தப்பித் தெருவுக்கு வந்த ஒரு பெண் எங்கே இருக்கிறாள் என்று, செயலியை நிறுவிய யாருக்கும் அது சொல்லிவிடும்.

ஐபோன் செயலிகளுக்கான ஆப்பிள் கடையின் (ஆப் ஸ்டோர்) விதியும் உண்டு. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குப் பணம் பரிசாகத் தரலாம், ஆனால் முழுத் தொகையும் பெறுபவருக்கே போக வேண்டும். "நிர்வாகத்துக்கு 5 விழுக்காடு மட்டும் எடுத்துக்கொள்கிறோம்" என்ற திட்டம் அங்கேயே நின்றுவிடும்.

இத்தனை சொன்ன பிறகும், இந்த வழியே சிறந்ததாக இருக்கும் ஒரு இடம் உண்டு: அந்த மனிதர் ஏற்கெனவே விற்பவராகவோ, வாசிப்பவராகவோ, பாடுபவராகவோ இருக்கும் இடம். வீடற்றவர்கள் சாலையில் நின்று விற்கும் தெரு இதழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் லண்டனில் தொடங்கிய தி பிக் இஷ்யூவில், விற்பவர் இதழைத் தன் காசில் வாங்கி, கூடுதல் விலைக்கு விற்று, மிச்சத்தைத் தானே வைத்துக்கொள்கிறார். ஸ்வீடனின் சிச்சுவேஷன் ஸ்டாக்ஹோம் இதழை விற்பவர்கள் 2013-லேயே அட்டைப் பணம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே கருவி என்பது கடைக்காரரின் கல்லாப்பெட்டி. யாருக்கும் கூசவில்லை.

"பணத்தைக் கையில் கொடுத்தால் குடித்துவிடுவார்களே" என்ற கேள்வியும் இங்கேதான் வரும். கனடாவின் வான்கூவரில் 2018-ல் தொடங்கிய நியூ லீஃப் திட்டத்தில், வீடற்ற 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலர் ஒரே தவணையாக, நிபந்தனையின்றிக் கொடுத்தார்கள். 2023-ல் வெளியான ஆய்வு முடிவின்படி, பணம் பெறாத குழுவோடு ஒப்பிட்டால் ஓர் ஆண்டில் அவர்கள் வீடின்றிக் கழித்த நாட்கள் 99 குறைந்தன. குடி, போதைப்பொருள், புகை ஆகியவற்றுக்கான செலவு கூடவில்லை. ஆனால் கடுமையான போதைப் பழக்கமோ மனநலச் சிக்கலோ உள்ளவர்களை முன்பே வடிகட்டியிருந்தார்கள், கொடுத்ததும் பெருந்தொகை. உங்கள் செயலி தருவது சில்லறை. இந்த ஆய்வை உங்கள் முகப்புத் திரையில் ஒட்டாதீர்கள்.

## வழி 2: நிறுவனத்துக்கு, பொதுக் கணக்கில்

நான்கில் எளிதாகச் செய்யக்கூடியது இது. பெறுபவரிடம் ஒன்றுமே இருக்கத் தேவையில்லை, எதையும் தொலைக்கவும் முடியாது. 2018-ல் லண்டன் மேயர் அலுவலகத்தின் ஆதரவோடு வந்த டேப் லண்டன் பலகைகளில் அட்டையைக் காட்டினால் 3 பவுண்டு, வீடற்றோருக்கான தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்குப் போனது. தொகையைத் தேர்ந்தெடுக்கும் வேலைகூட இருக்கவில்லை.

இதன் பலவீனம் மனம் சம்பந்தப்பட்டது. 2007-ல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ரோக்கியா என்ற ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள், லட்சக்கணக்கானோரின் பசியைப் புள்ளிவிவரமாகப் படித்தவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கொடை குறைந்தது. பொதுக் கணக்கில் ரோக்கியா இல்லை. ஒருமுறை கொடுத்தவர் மறுபடி வருவதற்கு உங்கள் செயலியில் காரணம் எதுவும் இருக்காது. "உங்கள் பணத்தில் இந்த மாதம் எத்தனை இரவுகள் எத்தனை பேர் படுத்தார்கள்" என்ற அளவுக்காவது நிறுவனம் சொல்லத் தயாரா என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது கட்டணக் கணக்கு. எல்லா வழிகளுக்கும் பொதுவானது என்றாலும் சிறு தொகைகள் குவியும் இடத்தில்தான் வலிக்கும். அமெரிக்காவில் இணையவழி அட்டைப் பணத்துக்கு 2.9 விழுக்காடும் அதன்மேல் 30 சென்ட்டும் என்பது பரவலான கட்டணம். 1 டாலர் கொடுத்தால் கிட்டத்தட்ட 33 சென்ட் வழியிலேயே கரைந்துவிடும். 20 டாலருக்கு 88 சென்ட், அதாவது 4.4 விழுக்காடு. தினமும் தட்டும் சிறு தொகைகளைச் சேர்த்து மாத முடிவில் ஒரே தடவையாக எடுத்தால் இந்த ஓட்டை பெரிதும் அடைபடும். செயலியின் செலவுக்காக நன்கொடையாளரிடம் தனியாகக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கான பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். அதைப் பிறகு கண்டுபிடித்தவர் உங்களை மட்டுமல்ல, நிறுவனத்தையும் சேர்த்தே நம்பாமல் போவார்.

ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வழி 2 தான் உங்களுக்குச் சரி என்றால் செயலியே வேண்டாம். வேகமாகத் திறக்கும் ஒரு நன்கொடைப் பக்கம் போதும். கடை ஒப்புதல், பதிப்புப் புதுப்பிப்பு, பழைய போன் புகார்கள் எதுவும் இல்லை. ஆப்பிள் கடையில், அனுமதி பெற்ற லாபநோக்கற்ற அமைப்புகள் தவிர மற்றவர்கள் தொண்டுப் பணத்தைச் செயலிக்கு வெளியே, உலாவி போன்ற வழிகளில்தான் வாங்க முடியும். எப்படியும் உலாவிக்குத்தான் அனுப்பப் போகிறீர்கள்.

பணமே இல்லாத ஒரு வழியும் உண்டு. இங்கிலாந்தில் 2012-ல் வந்த ஸ்ட்ரீட்லிங்க்கில், வெளியில் தூங்குபவரைப் பார்த்தவர் அந்த இடத்தைத் தெரிவித்தால் அப்பகுதியின் களக்குழுவுக்குத் தகவல் போகும். "ஏதாவது செய்யணும்போல இருக்கு" என்பவர்களில் பாதிப் பேர் தேடுவது இதைத்தான் என்பது என் சந்தேகம்.

## வழி 3: ஒரு மனிதர், ஒரு தேவை

வாடகை முன்பணம், பயிற்சிக் கட்டணம், தொலைந்த சான்றிதழ், வேலைக்கான கருவிகள். இப்படிக் குறிப்பான ஒன்றுக்குப் பலர் சேர்ந்து பணம் போடுகிறார்கள், களப்பணியாளர் வழியாக அது செலவாகிறது. 2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஹேண்ட்அப், 2017-ல் லண்டனில் தொடங்கிய பீம் இரண்டும் இந்த வகையாகத்தான் வந்தன. கொடுப்பவருக்கு ஒரு முகமும் ஒரு முடிவும் கிடைக்கின்றன. பெறுபவரிடம் போன் இல்லாவிட்டாலும் களப்பணியாளரிடம் இருக்கிறது. அட்டை தொலைந்தால் போய்ப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார். ஐந்தாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் மற்ற வழிகளில் இல்லை.

விலை என்ன என்றால், அந்தக் களப்பணியாளரின் நேரம். ஏற்கெனவே பலரைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஒவ்வொரு கோரிக்கைக்கும் விவரம் எழுதி, ரசீது ஏற்றி, "நன்றி" அனுப்பி என்று அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டால் இரண்டாவது மாதம் உங்கள் செயலியைத் திறக்க மாட்டார். அவரையும் பயனராகக் கணக்கில் எடுத்தால் இந்தச் செயலிக்கு மூன்று பயனர்கள். ரசீதைப் படமெடுத்தால் தானே இணைந்துகொள்ளட்டும், நன்றிக் குறிப்பு கட்டாயம் இல்லாமல் இருக்கட்டும்.

இரண்டாவது விலை, கதை. கோரிக்கை ஒன்றின் முதல் வரைவில் "குடியால் குடும்பத்தை இழந்த இவர்" என்று தொடங்கியிருந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார். சம்பந்தப்பட்டவரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கணும். அத மட்டும் போடுங்க சார்" என்றார். அதை மட்டும் போட்டோம். படமும் போடவில்லை, ஓட்டுநர் இருக்கையின் கோட்டோவியம்தான். ஒருவர் வேலைக்குப் போன பிறகும் அவர் பெயரைத் தேடினால் தெருவில் இருந்த காலம் முதலில் வந்து நிற்கக் கூடாது. அதனால் முழுப்பெயர் வேண்டாம், தேடுபொறிகள் பக்கத்தை எடுக்காதபடி அடையுங்கள், கோரிக்கை நிறைவேறியதும் பக்கம் தானாக மறையட்டும். "ஒப்புதல் தந்தார்" என்ற டிக் மட்டும் போதாது. இரவு படுக்க இடம் கொடுப்பவர் கேட்கும்போது யார் மாட்டேன் என்பார்கள்?

மூன்றாவது, அழகுப் போட்டி. கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தாய்க்குப் பணம் வேகமாகச் சேரும். சிறை சென்று திரும்பிய நடுவயது ஆண் பட்டியலின் அடியில் கிடப்பார். வடிவமைப்பு இதைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். "பிரபலமானவை" என்ற வரிசையை எடுத்துவிடுங்கள். குறைவாகச் சேர்ந்ததை மேலே காட்டுங்கள், அல்லது ஒவ்வொரு தடவையும் வரிசையைக் கலைத்துப் போடுங்கள். "யாருக்குத் தேவையோ அவருக்கு" என்ற ஒற்றைப் பொத்தானை எல்லாவற்றுக்கும் முன்னால் வையுங்கள். அதில் வரும் பணம் அடியில் கிடப்பவரின் மிச்சத்தை நிரப்பட்டும்.

## வழி 4: பணம் வேண்டாம், பொருள்

சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் ஒரு செயலிக் குழு இதில் தனியாக இறங்கக் கூடாது. வவுச்சர் என்றால் கடைகளோடு ஒப்பந்தம் வேண்டும், கல்லாவில் நிற்பவருக்குப் பயிற்சி வேண்டும், காலாவதியானதை யார் பொறுப்பேற்பது என்று முடிவு வேண்டும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முன்னால் வவுச்சரைக் காட்டும் கூச்சம் வேறு. அவசரத்துக்கு அதைப் பாதி விலைக்கு விற்றுவிடுவதும் நடக்கும். பொருளாகவே வாங்கினால் கிடங்கு, வண்டி, அளவு பொருந்தாத செருப்பு.

கொடுப்பவர் நினைக்கும் தேவை வேறு, வாங்குபவரின் தேவை வேறு என்பதும் இங்கேதான் பளிச்சென்று தெரியும். 2009-ல் பிராட்வே என்ற தொண்டு நிறுவனம் லண்டன் நகரில் நெடுங்காலமாகத் தெருவில் தூங்கிய சிலரிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு ஆளுக்கொரு தொகையை ஒதுக்கியது. ஒருவர் தங்குவதற்குக் கேரவன் வண்டி கேட்டார். எந்த நன்கொடைப் பட்டியலில் அது இருந்திருக்கும்?

தங்குமிடமே "இந்த வாரம் 40 போர்வை வேண்டும்" என்று பட்டியல் போடும் நிலையில் இருந்தால், கடுங்குளிர், வெள்ளம் போன்ற நாட்களில் இது மற்ற மூன்றையும் முந்திவிடும். பட்டியலை மூடும் உரிமை தங்குமிடத்தின் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 41-ஆவது போர்வையும் 400-ஆவது போர்வையும் வந்துகொண்டே இருக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| கேள்வி | ஆளுக்கு ஒரு குறி | பொதுக் கணக்கு | ஒருவர், ஒரு தேவை | பொருள் |
|---|---|---|---|---|
| கொடுப்பவருக்கு | வேகம், ஆனால் நேரில் கூச்சம் | மிக வேகம் | படிக்க நேரம் வேண்டும் | தேர்வு அதிகம் |
| பெறுபவரிடம் இருக்க வேண்டியது | அட்டை, அடையாளச் சான்று, பெரும்பாலும் போன் | ஒன்றுமில்லை | களப்பணியாளரின் தொடர்பு | வவுச்சர், அல்லது நேரில் வருகை |
| கரையும் பணம் | சிறு தொகையில் மிக அதிகம் | சிறு தொகையில் அதிகம் | குறைவு, ஆனால் ஆள் நேரம் போகும் | கிடங்கு, போக்குவரத்து |
| வெளியே தெரிவது | முகமும் இருக்கும் இடமும் | எதுவுமில்லை | கதை, நீங்கள் அடைக்காவிட்டால் பெயரும் | கடையில் தெரியும் |
| தொலைந்தால் | பணமும் போகலாம் | பாதிப்பில்லை | மீட்டுத்தர ஆள் உண்டு | வவுச்சர் போனது போனதுதான் |

## யாருக்கு எது

உங்களோடு கைகோத்திருக்கும் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராவது வாரம் ஒருமுறை உங்களோடு உட்காரத் தயார் என்றால் வழி 3. என் ஓட்டு அதற்குத்தான். முதலில் வலைப்பக்கமாகச் செய்யுங்கள், ஐந்தாறு கோரிக்கைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவை முழுதாக நிறைவேறிய பிறகு செயலியைப் பற்றி யோசியுங்கள்.

நிறுவனம் இருக்கிறது, ஆள் பற்றாக்குறை என்றால் வழி 2. பக்கத்தை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் அவர்களுடைய கணக்கு வழக்கை ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், ஆனால் அவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள்.

தெரு இதழோ கைவினைப் பொருளோ விற்பவர்களின் சங்கம் உங்களைத் தேடி வந்திருந்தால் வழி 1. தங்குமிடம் ஒன்று பட்டியலோடு வந்தால் வழி 4, அந்தப் பருவத்துக்கு மட்டும்.

எந்த நிறுவனமும் இல்லை, நாங்கள் நான்கு நண்பர்கள்தான் என்றால், இப்போதைக்கு எதுவும் கட்டாதீர்கள். பெறுபவர் ஒருவரோடுகூடப் பேசாமல் வரைந்த பெட்டியிலிருந்து பெட்டிக்கு அம்பு போகாது. ஒரு தங்குமிடத்தில் சில வாரம் மாலை வேளைகளில் தட்டு எடுத்துக் கொடுங்கள், போன்களுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுங்கள். எத்தனை போன், எத்தனை சிம், யாருடைய நம்பர் யாரிடம் என்பது அந்தச் சார்ஜர் மேசையிலேயே தெரிந்துவிடும்.

வரைபடங்களை என்னிடம் அனுப்புவதாக இருந்தால் ஒரு திரையைச் சேர்த்து அனுப்புங்கள். பெறுபவர் அட்டையைத் தொலைத்துவிட்டு, போனும் இல்லாமல், வெறுங்கையோடு களப்பணியாளர் முன்னால் வந்து நிற்கிறார். களப்பணியாளர் அழுத்த வேண்டிய பொத்தான் எங்கே இருக்கிறது?